லாபக் கணக்கும் பேட்டரிக் கணக்கும்: ராமநாதபுரம் கரையில் பி.எஸ்.என்.எல்.

தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை உள்ள கரையோர ஊர்களில் பி.எஸ்.என்.எல். சிம் வாங்கலாமா? இரண்டாவது சிம்மாகத் தாராளமாக வாங்கலாம். அதையே முதல் சிம்மாக வைத்துக்கொள்ள நினைத்தால், கரண்ட் போனபின் உங்கள் ஊர் டவர் எத்தனை மணி நேரம் தாக்குப்பிடிக்கிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். கம்பெனியின் ஆண்டுக் கணக்கைப் புரட்டி இதைத் தெரிந்துகொள்ள முடியாது.

ஆண்டுக் கணக்கு என்னவோ முன்னைவிடத் தேவலை. 2023-24இல் ₹5,370 கோடியாக இருந்த நிகர இழப்பு 2024-25இல் ₹2,247 கோடியாக இறங்கியது. செயல்பாட்டு வருமானம் ₹20,841 கோடி, சுமார் 7.8 சதவீத உயர்வு. மூன்றாம் காலாண்டில் ₹262 கோடி, நான்காம் காலாண்டில் ₹280 கோடி லாபம். 2007க்குப் பிறகு இந்தக் கம்பெனி ஒரு காலாண்டில் லாபம் கண்டது அந்த மூன்றாம் காலாண்டில்தான் முதல்முறை. ஆனால் 2025-26இன் முதல் இரண்டு காலாண்டுகளிலும் இழப்பு மறுபடி ஆயிரம் கோடியைத் தாண்டிவிட்டது. புது 4ஜி கருவிகள் கணக்கில் ஏறினால் தேய்மானச் செலவும் கூடவே ஏறும். ரீசார்ஜ் பணம் அதே வேகத்தில் வராது. 2019, 2022, 2023 என மூன்று தவணையாக மத்திய அரசு அறிவித்த மீட்புத் தொகை மூன்று லட்சம் கோடி ரூபாயைத் தாண்டும். அதில் பெரும்பகுதி ரொக்கமல்ல, அலைக்கற்றை ஒதுக்கீடும் கடன் உத்தரவாதமும்தான். இருந்தாலும் பொதுப் பணம் பொதுப் பணமே; கேள்வி கேட்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு.

தலைமை மாற்றத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பி.கே. புர்வாரின் ஐந்தாண்டுப் பொறுப்பு முடிந்ததும், 2024 ஜூலை 15இல் ராபர்ட் ஜெரார்டு ரவி தலைமைப் பொறுப்பேற்றார். அதே மாதத்தில் தனியார் கம்பெனிகள் கட்டணத்தை ஏற்ற, பழைய எண்ணோடே கம்பெனி மாறி இந்தப் பக்கம் கூட்டம் வந்தது. அக்டோபரில் புது லோகோ வந்தது. லோகோவால் ஒரு கோடு சிக்னல்கூடக் கூடப்போவதில்லை. உருப்படியான வேலை 4ஜிதான். சி-டாட், தேஜஸ், டிசிஎஸ் கூட்டணியின் உள்நாட்டுக் கருவிகளோடு 97,500க்கும் மேற்பட்ட 4ஜி டவர்கள் 2025 செப்டம்பர் 27இல் முறைப்படி தொடங்கிவைக்கப்பட்டன.

டவர் 4ஜி ஆகிவிட்டது, போனில் மட்டும் வரவில்லை என்றால் மூன்றைப் பாருங்கள். முதலில் சிம். 2ஜி, 3ஜி காலத்துப் பழைய சிம்மில் 4ஜி ஏறாது. அடையாள அட்டையுடன் வாடிக்கையாளர் மையத்துக்குப் போய் மாற்றிக்கொள்ள வேண்டும். அடுத்து அலைவரிசை. பி.எஸ்.என்.எல். 4ஜி 700 மற்றும் 2100 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது, அதாவது பேண்டு 28, பேண்டு 1. குறைந்த விலை போன்கள் சிலவற்றில் 28 இருக்காது. தூரம் போவதும் சுவர் தாண்டுவதும் 700தான் என்பதால், ஊருக்கு ஒதுக்குப்புறமான குடியிருப்புகளில் அந்த போன் காலை வாரிவிடும். வாங்கும் முன் பெட்டியில் பேண்டு பட்டியலைப் பாருங்கள். மூன்றாவது, வோல்ட்டி, அதாவது 4ஜி வழியாகவே பேசும் அழைப்பு. செட்டிங்கில் அது அணைந்திருந்தால் ஒவ்வோர் அழைப்புக்கும் போன் 2ஜிக்கு இறங்கி ஏறும். அந்த நேரத்தில் நெட் நின்றுவிடும்.

இந்தக் கரைக்கே உரிய தொல்லை இலங்கை சிக்னல். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான், நடுவில் மலையோ மரமோ கிடையாது. நீர்ப்பரப்புக்கு மேல் காற்று அடுக்கடுக்காக நிற்கும் நாட்களில் அலை வளைந்து இன்னும் தூரம் வரும். அரிச்சல்முனையில் நின்றால் போன் அந்தப் பக்க நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்வது சாதாரணம். இரண்டு நாட்டுக்கும் நேரம் ஒன்றே என்பதால் கடிகாரமும் காட்டிக்கொடுக்காது. ரோமிங் திறந்திருக்கும் சிம்முக்கு இது செலவு. திறக்காத சிம் சிக்னல் இல்லாமல் கிடக்கும். பாம்பன் தாண்டும்போதே டேட்டா ரோமிங்கை அணைத்து, தானாக நெட்வொர்க் தேடும் வசதியையும் நிறுத்தி, பட்டியலிலிருந்து உங்கள் கம்பெனியைக் கையால் தேர்ந்தெடுங்கள். பெயருக்குப் பதில் எண் தெரிந்தால், 404, 405 என்று தொடங்குவது இந்தியா, 413 இலங்கை. திரும்பி வந்ததும் மறக்காமல் தானியங்கிக்கு மாற்றிவிடுங்கள்.

கடலில் இருப்பவர்களுக்கு ஒன்று. இலங்கை சிக்னல் வந்தால் எல்லை தாண்டிவிட்டோம் என்றும் அர்த்தமில்லை, வராவிட்டால் தாண்டவில்லை என்றும் அர்த்தமில்லை. எல்லைக்கு ஜிபிஎஸ்தான் கணக்கு. 40 மீட்டர் டவரிலிருந்து நேர்க்கோட்டுப் பார்வை சுமார் 30 கிலோமீட்டர் வரை எட்டும். ஆனால் 4ஜியில் போன் திருப்பி அனுப்பும் சக்தி ஒரு வாட்டில் ஐந்தில் ஒரு பங்குதான். போனில் சிக்னல் கோடு தெரிந்தும் அழைப்பு போகாததற்கு அதுவே காரணம். ஆபத்துக்குப் படகு ரேடியோவின் விஎச்எஃப் சேனல் 16ஐ நம்புங்கள். சிக்னல் இருக்கும் தூரத்திலேயே கடலோரக் காவல்படையின் 1554ஐ அழைத்துவிடுங்கள்.

இனி பேட்டரி. டவர் ஓடுவது 48 வோல்ட் நேர்மின்சாரத்தில். 600 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு தொகுதி என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 28.8 யூனிட், அடிவரை உறிஞ்சாமல் 80 சதவீதம் எடுத்தால் 23 யூனிட். 2ஜி மட்டும் ஓடி, சுமை ஒரு கிலோவாட்டாக இருந்தால் 23 மணி நேரம் வரும். 4ஜி ரேடியோவும் சேர்ந்து இரண்டு கிலோவாட் ஆனால் பதினொன்றரை மணி நேரம். நான்கைந்து வருடம் உப்புக்காற்றிலும் வெயிலிலும் கிடந்த ஈய-அமில பேட்டரி அதில் பாதி கொடுத்தாலே பெரிது. 4ஜி வந்தபின் கரண்ட் போனதும் சிக்னல் சீக்கிரம் படுத்துவிடுகிறது என்று தோன்றினால், அது பிரமையாக இருக்க வேண்டியதில்லை. டவருக்கு 4ஜி ஏற்றும்போதே பேட்டரியும் ஏற்ற வேண்டும். ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய 2024 நவம்பர் 20 போன்ற நாளில் டீசல் கொண்டுபோகவும் வழி இருக்காது.

உப்பின் இன்னொரு வேலை ஆண்டெனா கேபிளின் இணைப்பு முனையில் நடக்கும். நீர்புகாத டேப் வெடித்தால் முனை பச்சை பூத்து, அனுப்பிய சக்தி திரும்பி வரும். அப்போது டவர் நிற்காது. ஒரு பக்கத் தெருக்களில் மட்டும் சிக்னல் மெலியும். புகார் சொல்லும்போது எந்தத் தெரு, எந்த நேரம் என்று சொன்னால்தான் பிடிபடும். 2020 ஜனவரி 31இல் 78,569 பேர் விருப்ப ஓய்வில் போன கம்பெனி இது. ஏறிப் பார்க்கும் கைகள் இப்போது பெரும்பாலும் ஒப்பந்தக் கைகள்.

வீட்டு ஃபைபர் இந்தக் கரைக்குப் பொருத்தமானது. கண்ணாடியை உப்பு அரிக்காது. மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் இழை அறுந்திருக்கும் அல்லது மடங்கியிருக்கும், ரீஸ்டார்ட் உதவாது. 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் ஒன்று மாட்டினால், வெளியே டவர் படுத்தாலும் வீட்டில் டவருக்குப் பதில் இந்த இணைப்பு வழியே பேசும் வைஃபை அழைப்பு ஓட வாய்ப்புண்டு.

ஒரு கம்பெனியின் சமூகப் பொறுப்பு என்றதும் பள்ளிக்குப் பெஞ்சு, மருத்துவமனைக்கு வண்டி என்று தேடுகிறார்கள். கம்பெனிச் சட்டம் 135ஆம் பிரிவு கேட்பது முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதம். லாபமே இல்லாத இடத்தில் அந்தக் கடமையும் பூஜ்யம். ஆகவே அதை வைத்து இந்தக் கம்பெனியை அளப்பது வீண். லாபம் தராத ஊரிலும் டவர் நிறுத்துவதுதான் இதன் பொறுப்பு, அதற்குத்தான் டிஜிட்டல் பாரத் நிதி என்ற மத்திய அரசின் தொலைத்தொடர்பு நிதி. அந்த நிதியில் எழுந்த டவர்களை மற்ற கம்பெனி சிம்களும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு 2025 ஜனவரியில் தொடங்கியது நல்ல காரியம். புயல் நேரத்தில் அதன் அருமை தெரியும்.

மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாட்களும் கையில் காசு இறுக்கமாக இருக்கும் வீடுகளுக்கு, நீண்ட வேலிடிட்டி திட்டங்களே இந்த சிம்மின் உண்மையான பலம். விலையை மட்டும் பார்க்காமல் நாளால் வகுத்துப் பாருங்கள். விலை அப்படியே இருக்க நாள் குறைவதும் உண்டு.

சேவை தடைப்பட்டால் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதிப்படி ஈடு உண்டு: மாவட்ட அளவிலான பெருந்தடை 24 மணி நேரத்தைத் தாண்டினால் போஸ்ட்பெய்டுக்கு வாடகைக் கழிவு, ப்ரீபெய்டுக்கு வேலிடிட்டி நீட்டிப்பு. இயற்கைச் சீற்றத்தால் வந்த தடைக்கு அது கிடையாது. தங்கச்சிமடத்தில் ஒரே ஒரு டவர் மூன்று நாள் படுத்தாலும் அது மாவட்டக் கணக்கில் சேராது. அப்போது 1503ஐ அழைத்துப் புகார் எண் வாங்குங்கள். தீராவிட்டால் அந்த எண்ணை வைத்து மேல்முறையீடு செய்யுங்கள். எண் இல்லாத புகார் புகாரே ஆகாது.