மீனுக்கு மருந்து ஊத்தறதுக்கு முன்னாடி இந்த டெஸ்ட் கிட் வாங்குங்க

கோல்டுபிஷ் ரெண்டும் நாலு நாளா மேல வந்து வாயப் பொளந்துட்டே நின்னுச்சுங்க, செவுளு செவசெவன்னு. மீன் வாங்குன கடைல நீல மருந்து ஒண்ணு குடுத்தாங்க, ஊத்தியும் ஒண்ணு செத்துப்போச்சு, பாப்பா அன்னைக்குச் சோறே திங்கல. அப்பறந்தான் தொட்டித் தண்ணியச் சோதிக்கற ஏபிஐ மாஸ்டர் டெஸ்ட் கிட் வாங்கினேன்.

ட்யூப்ல 5 மில்லி தொட்டித் தண்ணி எடுத்து, அம்மோனியா (மீன் கழிவுலருந்து வர்ற வெசம்) டெஸ்டுக்கான பாட்டில் ரெண்டுலருந்தும் எட்டெட்டு சொட்டு விட்டு, குலுக்கீட்டு 5 நிமிசம் வெச்சுப் பாக்கோணும். மஞ்சளாவே இருந்தா அம்மோனியா இல்லீங்க. எனக்குக் கரும்பச்சையா வந்துச்சு, பகீர்னு ஆயிருச்சு. என்னன்னு ரோசன பண்ணிப் பாத்தா, முந்தின வாரம் பில்டர் ஸ்பாஞ்ச குளோரின் வாசமடிக்கற பைப்புத் தண்ணில அலசியிருக்கறேன், அம்மோனியாவ அழிக்கற நல்ல பாக்டீரியா பூராச் செத்துருக்குது. போதாக்கொறைக்கு தொட்டில ஊத்தற எங்க போர் தண்ணி பிஎச் (அமில, கார அளவு) 8.2 காட்டுச்சு, பிஎச் ஏற ஏற அம்மோனியா வெசமும் ஏறுமுங்க.

தெனம் கால்வாசி தண்ணி மாத்தி, தீனியக் கொறச்சு, தெனமும் டெஸ்ட் பண்ணி, ரெண்டு வாரங்கழிச்சு மஞ்சக் கலரப் பாத்ததும் பாப்பாவக் கூப்ட்டுக் காட்டினேன். இன்னொரு மீனு இப்ப நல்லா ஓடியாடுது.

கொறைன்னா, தண்ணியோட கடினத்தன்மைக்கு இதுல டெஸ்ட் இல்ல, உப்புத் தண்ணி போர் இருக்கற நம்மூருக்கு அதுவும் வேணும், தனியாத்தான் வாங்கோணும். இதே கிட்டுல இருக்கற நைட்ரேட் டெஸ்டுக்கு (அம்மோனியா மாறிக் கடைசில ஆகறது) ரெண்டாவது பாட்டில 30 செகண்டு நல்லாக் குலுக்கலீன்னா கம்மியாக் காட்டும். கலர பகல் வெளிச்சத்துல பாருங்க.