ராம் மீன் 'ப்ரூவன் பேர்' வாங்கப் பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

ஜெர்மன் ப்ளூ ராம் என்ற அலங்கார மீனை 'ப்ரூவன் பேர்' (ஏற்கெனவே குஞ்சு பொரித்த ஜோடி) என்று வாட்ஸ்அப்பில் விற்பவரிடம் 3,800 ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். பஸ் பார்சலுக்கும் பேக்கிங்குக்கும் தனியாக 350. அவர் எனக்கு அனுப்பிய அதே வீடியோ, அதே வசனத்தோடு இன்னும் பல குரூப்களில் சுற்றிக்கொண்டிருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ராம் அடங்கும் ட்வார்ஃப் சிக்லிட் (குட்டி அலங்கார மீன்) வகைக்குப் புதியவர்களுக்காக ஒரு விஷயம். ராம் விரல் நீளம்கூட வராத மீன். வெனிசுவேலாவிலும் கொலம்பியாவிலும் ஒரினோக்கோ ஆற்றை ஒட்டிய புல்வெளிச் சமவெளிதான் சொந்த ஊர். ஆணும் பெண்ணும் சேர்ந்து முட்டையைக் காக்கும், குஞ்சுகளையும் கூட்டிக்கொண்டு திரியும். இந்த வகையை வளர்க்க ஆசைப்படுவதே அதைப் பார்க்கத்தான். ஆனால் ஏதோ ஒரு ஆணையும் ஏதோ ஒரு பெண்ணையும் ஒரே டேங்கில் விட்டால் ஜோடி சேர்ந்துவிடாது. பிடிக்காவிட்டால் ஒன்று மற்றொன்றை மூலையில் ஒடுக்கி அடித்தே கொன்றுவிடும். அதனால், ஏற்கெனவே முட்டையிட்டுக் குஞ்சு வளர்த்த ஜோடி என்றால் கூடுதல் விலை கேட்பது நியாயம்தான். ஏமாற்றுபவர்கள் கை வைப்பதும் சரியாக அந்த இடத்தில்தான்.

விற்றவர் அனுப்பிய வீடியோவில் ஒரு தட்டைக் கல், மேலே இரண்டு ராம், சுற்றி மேகம் போலக் குஞ்சுகள். "இதே பேர்தான்ணா உங்களுக்கு. மூணு தடவ குட்டி எடுத்தாச்சு, கண்ண மூடிட்டு வாங்கலாம்" என்றார். முழுப் பணமும் முன்னாடியே வேண்டும். ஆம்னி பஸ்ஸில் தெர்மாகோல் பெட்டி திருச்சிக்கு வந்து சேர்ந்தது. மீன் உயிரோடு வந்ததற்கு ஆதாரமாக, வெட்டாத அன்பாக்ஸிங் வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். அவருடைய உத்தரவாதம் உயிருக்கு மட்டும்தானாம். இது பின்னால்தான் தெரிந்தது.

நிறம் என்றால் அப்படி ஒரு நிறம். உடம்பு முழுக்க நீலப் பொட்டு, கண்ணைச் சுற்றிச் சிவப்பு, முதுகுத் துடுப்பின் முன் கதிர்கள் நீண்டு கருத்து நின்றன. பெண் என்று சொல்லி அனுப்பியதன் வயிற்றில் ரோஜா நிறம் இருந்தது, நடுவில் உள்ள கருப்புப் பொட்டுக்குள்ளும் நீலப் புள்ளிகள் இருந்தன. ராமில் பெண்ணை அப்படித்தான் அடையாளம் காண்பார்கள். ஆண் என்று சொன்னது இரண்டு மடங்கு பளபளப்பு.

என் டேங்க் புதிதல்ல. எங்கள் போர் தண்ணீர் உப்பு என்பதால் ஆர்ஓ தண்ணீரில் கொஞ்சம் கலந்து டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவு) 100-க்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பாதாம் இலை போட்டு பிஎச் 6-க்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது. சூடு 28, 29 டிகிரி. ஸ்பாஞ்ச் ஃபில்டர் மட்டும்தான். இதே டேங்கில் முன்பு வேறொரு ஜோடி குஞ்சு பொரித்திருக்கிறது. இந்த விவரம் ஏன் முக்கியம் என்று பின்னால் புரியும்.

முட்டையும் வந்தது. இரண்டும் கல்லை வாயால் துடைத்துத் துடைத்துச் சுத்தம் செய்தன. பெண் வரிசையாக ஒட்டிக்கொண்டே போக, அந்த 'ஆண்' அதன் பின்னாலேயே வயிற்றை உரசிக்கொண்டு போனது. பார்க்க எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கருவுற்ற ராம் முட்டை தேன் நிறத்தில் கண்ணாடி மாதிரி இருக்கும். மறுநாள் உள்ளே கருமை தட்டும், இரண்டு மூன்று நாளில் வால் துடிக்கும். இங்கே மறுநாள் காலையிலேயே ஓரத்து முட்டைகள் சுண்ணாம்பு வெள்ளையாகிவிட்டன. சாயங்காலத்துக்குள் கல் முழுக்க வெள்ளை, மேலே பஞ்சு மாதிரிப் பூசணம். பெண் அப்போதும் நகராமல் விசிறிக்கொண்டே இருந்தது. அடுத்த முறையும் அதே கதை. ஒரு முட்டைகூடத் தப்பவில்லை. தண்ணீர் சரியில்லை என்றால் பாதி முட்டை கெடும், முக்கால்வாசி கெடும். ஒன்றுவிடாமல் எல்லாமே வெள்ளையாவது, அதுவும் ஒவ்வொரு முறையும், வேறு கதை.

அவரிடம் போட்டோ அனுப்பிக் கேட்டேன். "தண்ணி ப்ராப்ளம்ணா. எங்க கிட்ட சூப்பரா குட்டி எடுத்துச்சு. நீங்க செட்டப் மாத்துங்க" என்றார். ரீடிங் எல்லாம் அனுப்பினேன். பதில் இல்லை.

இதற்குள் அந்த 'ஆண்' வெளுக்க ஆரம்பித்திருந்தது. முதலில் துடுப்பின் சிவப்பு போனது. பிறகு உடம்பு நீலம் மங்கி, அழுக்குச் சாம்பலாக நின்றது. நோய் என்று நினைக்க வழியில்லை; நன்றாகச் சாப்பிட்டது, மூச்சு சீராக இருந்தது. நிறம் போன பிறகுதான் அதன் வயிற்றில் லேசாக ரோஜா நிறம் எட்டிப் பார்த்தது. முட்டையிடும் நேரத்தில் வெளியே தெரியும் குழாயும் ஆணுக்கு இருப்பது போலக் கூராக இல்லை, பெண்ணுக்கு இருப்பது போலத் தடித்து மழுங்கி இருந்தது. ஆண் என்று அனுப்பியது பிறப்பிலேயே பெண்.

அதையும் உறுதி செய்துகொண்டேன். இதே ஊரில் ராம் வளர்க்கும் நண்பரிடமிருந்து ஓர் ஆணை வாங்கி வந்து, நடுவில் கண்ணாடித் தடுப்பு வைத்து, இரண்டும் பழகிய பிறகு அந்த நல்ல பெண்ணோடு சேர்த்தேன். அதே தண்ணீர், அதே கல், அதே பெண். முட்டை பொரிந்தது. குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் ஆர்ட்டீமியா என்ற பொடி இறாலைப் பொரித்துப் போட்டேன், கணிசமாகப் பிழைத்தன. அப்படியானால் தண்ணீரில் என்ன குறை?

என்ன நடந்திருக்கும் என்பது மீன் பண்ணை வேலை தெரிந்தவர்களுக்கு ரகசியமே இல்லை. மீதைல் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் உண்டு. திலேப்பியா பண்ணைகளில் குஞ்சுகளுக்குத் தீவனத்தில் கலந்து கொடுத்து எல்லாவற்றையும் ஆணாக்குவார்கள். அலங்கார மீனில் அதையே வேறு காரணத்துக்காகக் கலக்கிறார்கள்: வயது வராத குட்டிக்கும், பெண்ணுக்கும் ஆணின் முழு நிறம் வந்துவிடும், கடையில் உடனே விலை போகும். மருந்து நின்றதும் சில வாரங்களில் நிறம் இறங்கிவிடும். அப்படி வளர்ந்த மீன்கள் பல மலடாகிவிடும். என் மீனை நான் லேபில் கொடுத்துச் சோதிக்கவில்லை. ஆனால் வெளுத்த விதமும் முட்டைகள் கெட்ட விதமும் சேர்ந்தால் எனக்கு வேறு விளக்கம் கிடைக்கவில்லை. மருந்தே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், மூன்று முறை குட்டி எடுத்த ஜோடி என்பது பச்சைப் பொய். இரண்டு பெண் எப்படிக் குட்டி எடுக்கும்?

அந்த வீடியோவின் கதையும் வெளியே வந்தது. வேறொரு விற்பனையாளரின் ஸ்டேட்டஸில் அதே கல், அதே குஞ்சுகள், மேலே வேறு போன் நம்பர். எனக்கு விற்றவரிடம் இதைக் கேட்டதும் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். வெளுத்த அந்த 'ஆண்' மீன் கொஞ்ச நாளில் செத்தும் போனது. பணம் போனதைவிட, ஓர் உயிரை இப்படி நிறத்துக்காகக் கெடுத்து, அதைக் குடும்பம் என்று சொல்லி விற்றதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

சரி, வாங்க நினைப்பவர்கள் என்ன செய்யலாம்? பழைய வீடியோவை நம்பாதீர்கள். இன்றைய தேதியும் உங்கள் பெயரும் எழுதிய சீட்டை டேங்க் கண்ணாடியில் ஒட்டி வீடியோ கேளுங்கள். வீடியோ கால் இன்னும் நல்லது. உண்மையான பிரீடர் சலிக்காமல் காட்டுவார். ஒரு டேங்க் நிறையச் சின்னக் குட்டிகள், எல்லாமே கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஒரே பளபளப்பு, ஒன்றின் வயிற்றில்கூட ரோஜா நிறம் இல்லை என்றால் அங்கே நிற்கவே வேண்டாம். இயற்கையாக வளரும் கூட்டத்தில் சில மங்கலாக இருக்கும், சில மெதுவாக நிறம் ஏறும். இன்னொன்று: 'ப்ரூவன்' என்ற பெயரில் கிழட்டு மீன்களும் தள்ளிவிடப்படுகின்றன. ராமுக்கு ஆயுசு பெரும்பாலும் இரண்டு மூன்று வருஷம்தான். முட்டை விட்டு ஓய்ந்த ஜோடிக்குத் தனி விலை கொடுப்பதில் அர்த்தமே இல்லை.

என்னைக் கேட்டால் ஜோடியே வாங்காதீர்கள். சென்னையில் அலங்கார மீன் கடைகள் நிறைந்த கொளத்தூருக்கோ உங்கள் ஊர்ப் பண்ணைக்கோ நேரில் போய், தாய் தகப்பன் மீன்களைக் காட்டச் சொல்லி, ஐந்தாறு குட்டிகள் வாங்கி வளருங்கள். தானாக ஜோடி சேர்ந்துகொள்ளும். மிச்சத்தை நண்பர்களுக்குக் கொடுங்கள். நேரம் எடுக்கும், ஆனால் செலவு பாதிகூட ஆகாது.

ராமைப் போலவே இன்னொரு ட்வார்ஃப் சிக்லிட்டான அபிஸ்டோகிராமா வாங்குபவர்கள் இன்னும் கவனம். அதில் அடங்கிப்போன ஆண் மீன் பெண்ணின் நிறத்தைப் போட்டுக்கொண்டு கூட்டத்தில் மறைந்திருக்கும். அதைப் பெண் என்று சொல்லி விற்பது தெரிந்தும் நடக்கிறது, தெரியாமலும் நடக்கிறது. அபிஸ்டோவில் காக்கட்டூ என்ற வகையில் பெண்ணின் வயிற்றுத் துடுப்பு முன் ஓரம் கருப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். பெண் மீன் தட்டுப்பாட்டுக்கு நம் ஊர் வெயிலும் ஒரு காரணம்: 1996-இல் ரோமர், பைசன்ஹெர்ஸ் என்ற இருவர் முப்பதுக்கும் மேற்பட்ட அபிஸ்டோகிராமா இனங்களைச் சோதித்து, குஞ்சுப் பருவத்தில் தண்ணீர் சூடாக இருந்தால் ஆண்கள் அதிகம் வருகின்றன என்று காட்டினார்கள். கோடையில் சூட்டைக் கட்டுப்படுத்தாமல் வளர்த்த கூட்டத்தில் பெண் கிடைப்பதே அபூர்வம். அப்போது யாராவது 'எத்தனை ஜோடி வேணும்னாலும் ரெடி' என்றால் சந்தேகப்படுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் சாட், பணம் அனுப்பிய ரசீது, பார்சல் சீட்டு, முட்டை வெளுத்த போட்டோ எல்லாவற்றையும் அழிக்காமல் வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. விற்றவர் வேறு ஊர் என்பதால் விட்டுவிட வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், ஐந்து லட்சம் ரூபாய்க்குள் வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணமும் கிடையாது. நான் எழுதிவைத்த புகார் இந்த வாரம் போகிறது.