பழைய பாய்மரப் படகு: ஃபைபரா, மரமா?

புதுப் பெயின்ட் அடித்து நிறுத்தினால் ஃபைபர் (கண்ணாடியிழை) படகு, மரப் படகு இரண்டும் அழகுதான், வாங்கும் முன் சோதித்துப் பாருங்கள். ஃபைபர் படகை பிளாஸ்டிக் சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்டுங்கள். கணீரென ஒலித்தால் சரி. 'தொப்' என்று மந்தமாகக் கேட்டால் அடுக்குகள் பிரிந்திருக்கலாம். மேல்தளத்தில் அப்படிக் கேட்டால், உள்ளே வைத்த பால்சா என்ற லேசான மரம் தண்ணீர் குடித்து ஊறியிருக்கலாம். அடிப்பக்கக் கொப்புளத்தைக் குத்தினால் வினிகர் வாடையோடு நீர் கசியும். நாலைந்து கொப்புளத்துக்காகப் படகை ஒதுக்க வேண்டாம், விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

மரப் படகுக்குக் கத்திமுனை வேண்டும் (உரிமையாளரிடம் கேட்டுவிட்டு!). கடல்நீரைவிட மழைநீர்தான் மரத்தை மக்கவைக்கும். அதனால் மேல்தள மூலைகள், ஜன்னல் ஓரங்களில் முதலில் அழுத்திப் பாருங்கள். வாழைத்தண்டில் இறங்குவதுபோல முனை இறங்கினால் பேரமே வேண்டாம், கிளம்பிவிடுங்கள். அப்புறம் பலகையை இறுக்கும் ஆணிகள் துருப்பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

முதல் படகு என்றால் நான் ஃபைபர் பக்கம்தான்.