பழைய பொன்னில் ஒரு தாலிக்கொடி: திருகோணமலைக் கடைத்தெருப் பத்தர் பட்டறை

திருகோணமலையில் தாலிக்கொடி செய்விக்க இருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் பழைய நகை இருந்தால், குளிரூட்டிய நகைக்கடைகளின் படியேறுவதற்கு முன்னர் கடைத்தெரு ஒழுங்கைக்குள் பத்தர், அதாவது பொற்கொல்லர், ஒருவர் நடத்தும் இந்தப் பட்டறைக்குப் போங்கள். பெயர்ப்பலகை கிடையாது. வெளியில் இருந்து பார்த்தால் பூட்டிக் கிடக்கும் களஞ்சியம் போலத் தெரியும். பத்தர் பட்டறை என்று பக்கத்துக் கடைகளில் விசாரித்தால் கையைக் காட்டிவிடுவார்கள்.

என் மூத்த மகனின் கல்யாணத்துக்குத் தாலியும் கொடியும் இங்கேதான் செய்வித்தேன். தாலிக்குப் பொன் உருக்கும் சடங்கான பொன்னுருக்குக்கும் பத்தரே வீட்டுக்கு வந்தார். நான் இரசாயனவியல் படிப்பித்து ஓய்வுபெற்றவள். எதையும் கேள்வி கேட்காமல் வாங்கிப் பழக்கமில்லை. அவரும் என் கேள்விகளுக்குச் சலிக்காமல் பதில் சொன்னார்.

பவுண் விலை மூன்று இலட்சம் ரூபாயைத் தாண்டிய காலம் இது. ஒன்பது பவுணில் கொடி போடவேண்டும் என்று ஊர் எதிர்பார்க்கிறது. அதற்காக இருக்கிற நகையை அடகு வைத்துப் புது நகை வாங்குகிறவர்களை எனக்குத் தெரியும். காணியை விற்றவர்களையும் தெரியும். நான் சம்பந்தி வீட்டாரிடம் நேராகவே சொன்னேன்: புதுத் தங்கம் ஒரு கிராம்கூட வாங்கமாட்டேன், என் அம்மாவின் நகையை உருக்கித்தான் உங்கள் மகளுக்குக் கொடி. என் மச்சாள் ஒருத்திக்கு அது பிடிக்கவில்லை. “பழசை உருக்கிப் போட்டால் சனம் என்ன கதைக்கும்?” என்றாள். மருமகளாக வரப்போகிறவள்தான் முந்திக்கொண்டு, “எனக்கு அம்மம்மாவின் பொன்தான் வேண்டும்” என்றாள். அத்தோடு பேச்சு முடிந்தது.

அம்மா விட்டுப்போனது ஒரு கெம்புக்கல் அட்டியல், இரண்டு சோடிக் காப்பு, அறுந்த சங்கிலி ஒன்று, ஒரு சோடித் தோடு. 1990இல் இடம்பெயர்ந்து ஓடியபோது இவற்றைப் பாவாடை மடிப்புக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு நடந்தவர் அம்மா. முதலில் நகரத்தின் பெரிய நகைக்கடை ஒன்றில் காட்டினேன். அட்டியலைக் கையில் வாங்கியவர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. கல்லுக்கும் அரக்குக்கும் என்று ஒரு பங்கைக் கழித்தார், பழைய நகை என்று இன்னொரு பங்கைக் கழித்தார். மிச்சத்துக்குப் புது நகை எடுக்கும்போது அதற்குச் செய்கூலியும் சேதாரமும் தனி. கணக்குப் பார்த்தால் அம்மாவின் காப்பு ஒரு சோடி காற்றில் போயிருக்கும்.

பத்தர் செய்தது வேறு. அட்டியலைக் குப்புறக் கவிழ்த்து வைத்து, பின்பக்கத் தகட்டை மெல்லிய உளியால் கிளப்பினார். உள்ளே கறுத்த அரக்கு. ஊதுகுழலை வாயில் வைத்து, விளக்குச் சுடரை ஊசிபோலக் கூராக்கி அந்தத் தகட்டின்மேல் திருப்பினார். அரக்கு இளகிப் பொங்கி வர, சாமணத்தால் ஒவ்வொரு கல்லாக எடுத்துச் சிரட்டையில் போட்டார். கல் ஒன்றும் சிதையவில்லை. எண்ணி என்னிடமே தந்தார். எடுத்த அரக்கையும் தனியே நிறுத்து, “இது உங்கள் பொன்னில் சேராது, பாருங்கள் ரீச்சர்” என்று தராசைக் காட்டினார்.

பிறகு உரைகல். கறுப்புக் கல்லில் ஒவ்வொரு நகையாகத் தேய்த்து, பக்கத்தில் மாற்று, அதாவது தூய்மை அளவு, தெரிந்த பொன்னாலும் ஒரு கோடு இழுத்து, இரண்டின்மேலும் ஒரு சொட்டு அமிலம் வைத்தார். காப்பும் சங்கிலியும் அட்டியலும் 22 கரட் கோட்டோடு ஒத்து நின்றன. தோட்டின் கோடு மங்கிக்கொண்டே போனது. செம்பு கூடிய பொன். “இதைச் சேர்த்தால் முழுக் கொடியும் மாற்றுக் குறையும். இதை அப்படியே வைத்திருங்கள்” என்று தோட்டைத் திருப்பித் தந்துவிட்டார். சேர்த்து உருக்கியிருந்தால் எனக்குத் தெரியப்போவதில்லை, அவருக்கு நிறையும் கூடியிருக்கும். அந்த இடத்திலேயே கொடி வேலையை இவரிடம் கொடுப்பது என்று முடிவெடுத்தேன்.

உருக்கியபின் நிறுவையில் நின்றது 74 கிராம். ஒன்பது பவுணுக்கு 72 கிராம் போதும். இழுப்பிலும் அரத்திலும் போனது போக, மிஞ்சிய துணுக்கைக் கடதாசியில் மடித்துக் கொடியோடு சேர்த்துத் தந்தார். இவர் பட்டறையில் பொன் துகள் எங்கும் போய்விடுவதில்லை. மடியில் ஒரு துணி, அதன்கீழ் பலகைத் தட்டு. வேலை முடிந்ததும் இரண்டையும் தூரிகையால் தட்டிச் சேர்க்கிறார். கை கழுவும் தண்ணீரையும் வாளியில் விட்டுத் தெளியவைக்கிறார். நிலத்துத் தூசியைக்கூடக் கூட்டி வைத்து, பின்னர் எரித்து அலசி உருக்குவாராம்.

இங்கேதான் எனக்கு ஒரு பயம் இருந்தது. தூசியிலிருந்து பொன்னைப் பிடிக்கப் பாதரசம் பயன்படுத்தும் வழக்கம் பல ஊர்ப் பட்டறைகளில் உண்டு. பாதரசம் பொன்னைப் பற்றிக்கொள்ளும், பிறகு சூடாக்கினால் ஆவியாகப் பறந்துபோகும், பொன் மிஞ்சும். அந்த ஆவியைச் சுவாசிப்பவரின் நரம்புகள் கெடும். இவரிடம் கேட்டபோது, “எனக்கு வெங்காரம் போதும் ரீச்சர்” என்று ஒரு தகரப் பேணியைத் திறந்து காட்டினார். வெள்ளைத் தூள், ஆங்கிலத்தில் போராக்ஸ். அலசிய துகளோடு வெங்காரத்தைச் சேர்த்து மூசையில் உருக்கினால், அழுக்கெல்லாம் கண்ணாடிபோல உருகி மேலே மிதக்கும், பாரமான பொன் அடியில் தங்கும். ஒட்டு வைக்கும்போதும் அதே வெங்காரம்தான். பொன்னின் மேற்பரப்பில் படியும் ஒட்சைட்டைக் கரைத்து, ஒட்டுப்பொன் ஓடிப் பிடிக்க வழிவிடும்.

நான் இதை இவ்வளவு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பிலிப்பைன்ஸ் நாட்டின் பெங்குவெட் மாகாணத்தில் சிறு சுரங்கக்காரர்கள் பாதரசத்தைக் கைவிட்டு, பல பத்தாண்டுகளாக இதே வெங்காரத்தால்தான் பொன் எடுக்கிறார்கள். அந்த முறையை மற்ற நாடுகளுக்குக் கற்றுக்கொடுக்கும் முயற்சிகளும் நடந்துவருகின்றன. ஏனென்றால் கையாலும் சிறு இயந்திரங்களாலும் தங்கம் தோண்டுவோர் உலகில் ஒரு கோடிக்கும் மேல். மனிதர் காற்றில் கலக்கும் பாதரசத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டது அவர்களுடைய வேலையிலிருந்து வருகிறது. தென்னமெரிக்காவின் பெரு நாட்டில் மட்ரே டி டியோஸ் பகுதியில் காடழிந்து, ஆற்று மீனில் பாதரசம் ஏறி, 2016இல் அரசாங்கம் அங்கே அவசரநிலை அறிவிக்க வேண்டி வந்தது. ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் மீன் தின்றவர்களுக்குப் பாதரசத்தால் நரம்புகள் கெட்டதை 1956இல் உலகம் அறிந்தது. அங்கே பாதரசம் வந்தது ஒரு தொழிற்சாலைக் கழிவிலிருந்து. அந்த ஊரின் பெயரால் 2013இல் எழுதப்பட்ட பாதரசக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையும் அதில் சேர்ந்த நாடு. மூன்று வேளையும் மீன் சமைக்கும் ஊரில் இருந்துகொண்டு, எங்கோ ஒரு ஆற்றங்கரைத் தாய் தன் பிள்ளைக்கு மீன் கொடுக்கப் பயப்படுகிறாள் என்பதை நான் இலேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

பெரிய சுரங்கங்கள் மட்டும் சுத்தம் என்று நினைக்கவேண்டாம். அங்கே பாதரசத்துக்குப் பதில் சயனைட். கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் 1880களிலிருந்து வெட்டி, மூன்று கிலோமீற்றருக்கும் ஆழமாகப் போனார்கள். இறங்கி வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். 2001இல் மூடிவிட்டுப் போனார்கள். சயனைட் போட்டு அலசிய கழிவுமண் மட்டும் ஊர் நடுவே மேடு மேடாக நிற்கிறது, காற்றடித்தால் தூசி வீட்டுக்குள் வருகிறது. வேலையும் போய், மண்ணும் கெட்டு நிற்கும் சனத்துக்கு அந்தப் பொன் என்ன செய்தது?

ஒரு கணக்குச் சொல்கிறேன். 72 கிராம் கொடியில், 22 கரட் என்றால், 66 கிராம் தூய பொன். இன்று பல திறந்தவெளிச் சுரங்கங்களில் ஒரு தொன் தாதுப்பாறைக்கு ஒன்றிரண்டு கிராம் பொன்தான் கிடைக்கிறது. ஆக, ஒரு கொடிக்கு 33 முதல் 66 தொன் வரை பாறையை உடைத்து அரைக்கவேண்டும். மேலே கிடக்கும் மண்ணையும் வெற்றுப் பாறையையும் அகற்றுவது இந்தக் கணக்கில் இல்லை. இலங்கையில் தங்கச் சுரங்கம் கிடையாது. நம் மாவட்டத்தில் தோண்டப்படுவது புல்மோட்டைக் கனிய மணல்தான். அதனால் நம் கழுத்துப் பொன்னின் பள்ளம் எப்போதும் வேறொருவர் ஊரில் கிடக்கிறது. இதுவரை மனிதர் தோண்டி எடுத்த தங்கம் இரண்டு இலட்சம் தொன்னுக்கும் மேல். அதில் பெரும்பகுதி நகையாகவும் கட்டியாகவும் இன்னும் நிலத்துக்கு மேலேயே இருக்கிறது. பாடசாலையில் நிலைபேறான அபிவிருத்தி என்று 17 இலக்குகளைப் பிள்ளைகளுக்கு மனப்பாடமாக்குகிறோம். பொறுப்பான நுகர்வு என்ற 12ஆவது இலக்குக்குப் பாடப்புத்தகத்தில் பிளாஸ்டிக் போத்தலைத்தான் உதாரணமாகக் காட்டுகிறோம். அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கும் அறுந்த சங்கிலியையும் காட்டலாம். அதைத் திரும்பப் பொன்னாக்கத் தெரிந்த கை நம் ஊரில் இருக்கிறது.

சரி, வேலைக்கு வருகிறேன். கொடி அருமை. உருக்கிய பொன்னைக் கம்பியாக அடித்து, ஓட்டைகள் வரிசையாகச் சிறுத்துக்கொண்டே போகும் இரும்புத் தகட்டில் இழுத்து இழுத்து மெல்லியதாக்கினார். இழுக்க இழுக்கப் பொன் விறைக்கும், மறுபடி சூடாக்கி இளக்கவேண்டும். அவசரப்பட்டால் அறும். வளையங்களை ஒவ்வொன்றாக ஒட்டிப் பின்னியதில் ஒட்டு எது, கம்பி எது என்று உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தும் என்னால் பிரித்தறிய முடியவில்லை. ஒட்டுக்குக் கேட்மியம் சேர்ப்பதில்லை என்பதையும் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். பொன், வெள்ளி, செம்பு கலந்த பழைய ஒட்டுத்தான். கேட்மியப் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் தின்னும். எந்தக் கடையிலும் இதைக் கேட்டுப் பாருங்கள்.

பொன்னுருக்கு அன்று காலையில் உப்புவெளியில் உள்ள எங்கள் வீட்டுக்குச் சொன்ன நேரத்துக்கு முன்னரே வந்துவிட்டார். இப்போதெல்லாம் தாலியைக் கடையில் வாங்கி வைத்துவிட்டு, சபைக்கு முன்னால் ஒரு மணிப்பொன்னை உருக்கிக் காட்டுவதோடு சரி. இவர் அதற்கு ஒத்துக்கொள்வதில்லை. நிறைகுடத்துக்கும் விளக்குக்கும் முன்னால், மகன் வெற்றிலையில் வைத்துக் கொடுத்த அரைப் பவுண் காசை முழுதாக உருக்கினார். அந்தப் பொன்னேதான் பிள்ளையார் பொறித்த தாலியாக வந்தது. காசு நெருப்பில் கிடக்கும்போது முதலில் விளிம்பு மழுங்கி, பிறகு முழுவதும் ஒரு பக்கமாகச் சரிந்து, சட்டென்று உருண்டு திரண்டது. பெண் வீட்டாரின் சின்னப் பிள்ளைகள் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குறைகளையும் சொல்லவேண்டும். சொன்ன திகதிக்குக் கொடி வரவில்லை. பிந்தியதற்கு முன்கூட்டியே ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்திருக்கலாம். கல்யாண வீட்டில் அந்தக் கவலை பெரிது. தாலியில் பிள்ளையாரின் தும்பிக்கை சற்றுத் தட்டையாக இருந்தது, சொன்னதும் திருத்தித் தந்தார். கொடியின் பூட்டு கடும் இறுக்கம், அதையும் தளர்த்தினார். பற்றுச்சீட்டு அச்சடித்தது இல்லை, கொப்பித்தாளில் கையெழுத்துத்தான். நிறையும் மாற்றும் ஒழுங்காக எழுதியிருந்தாலும், பின்னர் விற்கவோ அடகு வைக்கவோ போகிறவர்களுக்கு அது போதாது.

எனக்கு மிகவும் மனவருத்தம் தந்தது வேறு. பட்டறைக்கு இருப்பது ஒரே ஒரு சின்ன யன்னல். நைத்திரிக் அமிலத்தில் உலோகம் கரையும்போது எழும் கபில நிறப் புகை அந்த அறைக்குள்ளேயே சுற்றுகிறது. பத்தரும் வேலை பழகும் பையனும் அதற்குள்ளேதான் இருக்கிறார்கள். ஆய்வுகூடத்தில் அந்தப் புகையை என் மாணவிகள் யாரையும் சுவாசிக்க விட்டதில்லை. காற்றை வெளியே இழுக்கும் மின்விசிறி ஒன்று பூட்டுங்கள் என்று சொன்னேன், “பார்ப்போம்” என்றார். போகிற நீங்களும் சொல்லுங்கள். நாலு பேர் சொன்னால் செய்வார். சூழலைக் கெடுக்காத தொழில் என்று நாம் புகழும் தொழிலில் தொழிலாளியின் நெஞ்சு கெடக்கூடாது. அவருடைய மகன்மார் கட்டாரில் வேலை செய்கிறார்கள், பட்டறைக்குத் திரும்பும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. பையன் ஒருவன்தான் இப்போது கம்பி இழுக்கப் பழகுகிறான்.

செய்கூலியைப் பவுண் கணக்கில் வாங்குகிறார். நான் விசாரித்த கடைகளைவிடத் தெளிவாகக் குறைவு, சேதாரம் என்று தனியே எதுவும் இல்லை. காசாகத்தான் கொடுக்கவேண்டும், அட்டை எடுக்கமாட்டார். ஆவணி, தை மாதக் கல்யாணங்கள் என்றால் இரண்டு மாதத்துக்கு முன்னராவது பொன்னைக் கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுக்கும்போது அங்கேயே இருந்து நிறுத்து, உரைத்து, எழுதி வாங்குங்கள், அவர் அதைத் தப்பாக எடுப்பதில்லை. கல் பதித்த நகை என்றால் காலை வெளிச்சத்தில் போவது நல்லது. மின்சாரம் நின்றால் உள்ளே ஒன்றும் தெரியாது. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குப் பின்னர் பட்டறை பூட்டு.