ஆளுமை வகைகளா, வயது வந்தோர் கற்றலா: பயிற்சியாளருக்கு எந்தப் படிப்பு?

திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனங்களில் புதிய ஆட்களுக்குத் தொழில் பழக்குவோர், வேலையை விடாமலே பல்கலைக்கழகப் படிப்பு ஒன்றில் சேர விரும்பும்போது, ஆளுமை வகைகளைப் பற்றிய படிப்பா, வயது வந்தோர் கற்றலைப் பற்றிய படிப்பா என்ற தயக்கம் வருகிறது. இரண்டையும் படித்துவிட்டுத் தையல் பிரிவில் பழக்கி வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒன்றுக்குத்தான் கையில் பணம் இருக்கிறது என்றால், இரண்டாவதில் சேருங்கள்.

ஆளுமைப் படிப்பு முதல் வகுப்பிலேயே மனத்தைக் கவர்ந்துவிடும். சுவிஸ் உளவியலாளர் கார்ல் யூங் 1921இல் வெளியிட்ட கருத்துகளை வைத்து, கேத்தரின் பிரிக்ஸ் என்ற தாயும் இசபெல் மையர்ஸ் என்ற மகளும் மனிதர்களைப் 16 வகைகளாகப் பிரித்தனர். ஆனால் எந்தப் பண்பிலும் பெரும்பாலோர் இரு முனைகளுக்கும் நடுவிலேயே நிற்பதால், வகைகளைப் பிரிக்கும் கோட்டுக்குச் சற்று இப்புறம் இருப்பவரும் சற்று அப்புறம் இருப்பவரும் வெவ்வேறு வகையில் விழுகிறார்கள். சில வாரம் கழித்து அதே வினாத்தாளை நிரப்பினால் பலருக்கு வகையே மாறிவிடுகிறது. வகை பிரிக்காமல், ஒவ்வொரு பண்பும் எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்கும் ஐந்து பண்பு அளவீடு பாடத்திட்டத்தில் இருந்தால் மட்டுமே, அதுவும் ஆள் தேர்வில் இருப்பவர்களுக்கு, இப்படிப்பைப் பரிந்துரைப்பேன்.

சோமனூரில் இருபது ஆண்டு விசைத்தறி ஓட்டிய ஓர் அக்கா, துணி ஓரத்தைப் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் இயந்திரம் பழக வந்தார். முதல் வாரம் முழுவதும் அவர் வாய் திறக்காததால், ‘அகமுகர்’, அதாவது தனக்குள்ளேயே ஒதுங்கியிருக்கும் வகை, என்று குறித்து வைத்தேன். மகள் வயதுப் பெண்கள் முன்னால் தப்பாக எதையாவது கேட்டுவிடுவோமோ என்ற கூச்சமே அது என்பது எனக்குப் பிடிபடவில்லை. ஒரு நாள் நூல் அறுந்துகொண்டே இருந்தபோது, “தறியில பாவு இறுகினா என்னங்க்கா செய்வீங்க?” என்று கேட்டேன். “கொஞ்சம் தளர்த்தி உடோணுமுங்க” என்றவர், நூலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் டென்ஷன் திருகை அரைச் சுற்றுத் தளர்த்தித் துணியை ஓட்டினார். தையல் சீராக விழுந்தது.

அந்தக் கேள்வியை எனக்குக் கற்றுத் தந்தது வயது வந்தோர் கற்றல் படிப்புதான். பெரியவர்கள் வெறுங்கையோடு வகுப்புக்கு வருவதில்லை, அவர்களுடைய அனுபவமே முதல் பாடநூல், எதற்காகப் படிக்கிறோம் என்பது தெரிந்தால்தான் மனம் ஒன்றுவார்கள் என்று அமெரிக்கக் கல்வியாளர் மால்கம் நோல்ஸ் வலியுறுத்தியதைத் தறி ஓட்டிய கைகளில் கண்ணால் கண்டேன்.

இப்படிப்பிலும் ஓர் இடத்தில் எச்சரிக்கை தேவை. அனுபவம், சிந்தனை, கருத்தாக்கம், செய்து பார்த்தல் என்று அமெரிக்கக் கல்வியாளர் டேவிட் கோல்ப் 1984இல் விளக்கிய சுழற்சி பயனுள்ளது. அதைக் கொண்டே கற்போரை நான்கு பாணிகளாகப் பிரிக்கும் பகுதி, மீண்டும் வகை பிரிப்பதில்தான் போய் முடிகிறது. பாணிக்கேற்பக் கற்பித்தால் கற்றல் கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2008இல் வெளியான உளவியல் மீளாய்வு ஒன்று முடிவு கூறியது.

சேருமுன் பாடத்திட்டத்தை வாங்கிப் பார்த்து, பெரியவர்களுக்கு நேரில் கற்பித்துக் காட்டுவதற்கு மதிப்பெண் உண்டா என்று கேளுங்கள். எழுத்துத் தேர்வோடு முடிகிறது என்றால், அடுத்த சேர்க்கை வரை காத்திருந்து வேறு பல்கலைக்கழகத்தில் விசாரிப்பதே மேல்.