பெண்ட் பைப் நீலமானால் பைப்பைப் பார்க்காதீர்கள்

நண்பர் தன் புல்லட்டுக்கு புகையைத் தடையில்லாமல், சத்தமாக வெளியே விடும் ஷார்ட் பாட்டில் சைலன்சர் வாங்கி மாட்டியிருக்கிறார். கூடவே காற்றைத் தாராளமாக உள்ளே விடும் ஒரு கோன் ஃபில்டர். சில நாட்களிலேயே பெண்ட் பைப், அதாவது இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் புகை போகும் வளைந்த குழாய், இன்ஜின் ஹெட் பக்கம் பழுப்பாகி, அப்புறம் மயில் கழுத்து நிறத்துக்கு வந்துவிட்டதாம். "உன் வண்டியும் அதே செட்டப்தானே, எப்படிச் சரி பண்ணினே?" என்று கேட்டார். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை.

என்னுடையது 1996 மாடல் 350 ஸ்டாண்டர்ட். காஸ்ட் அயர்ன் இன்ஜின், திறந்து மூடி ஸ்பார்க்கை வரவைக்கும் பாயிண்ட் செட், காற்றில் பெட்ரோலைக் கலக்கும் மிக்கார்ப் விஎம்24 கார்புரேட்டர். யூசிஇ எனப்படும் பிந்தைய இன்ஜின் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது. அதில் பாயிண்ட்டும் கிடையாது, டைமிங்கை, அதாவது ஸ்பார்க் வரும் நேரத்தை, திருப்பி வைக்கிற வேலையும் கிடையாது. கொடுத்து வைத்தவர்கள்.

முதலில் ஒன்று. ஒற்றைத் தகட்டு குரோம் பைப் கொஞ்சம் நிறம் மாறத்தான் செய்யும். அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். ஆனால் ராத்திரி வண்டியை நிறுத்தி ஐடிலிங்கில் விட்டால் ஹெட் பக்கத்தில் பைப் மங்கலாகச் சிவக்கிறது என்றால் அது வேறு. இரும்பு இருட்டில் சிவப்பாகத் தெரிய வேண்டுமென்றால் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்க வேண்டும். என் வண்டி சிவந்தது. வலது காலில் ஜீன்ஸைத் தாண்டி அனல் அடித்தது.

சென்னை ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் இதைச் சொன்னால் உடனே மருந்து எடுத்து நீட்டுவார்கள்: பைப்பைச் சுற்றுகிற ஹீட் ராப், வெப்பம் தாங்கும் கறுப்புப் பெயிண்ட், நீலத்தைத் தேய்த்தெடுக்கும் பாலிஷ். காய்ச்சல்காரனுக்குக் கம்பளி போர்த்துகிற வைத்தியம் இது. ராப் சுற்றினால் காலுக்குச் சுடாது, உண்மைதான். ஆனால் அதற்குள் மழைத்தண்ணீர் தங்கி பைப் துருப்பிடிக்கும், சூடும் உள்ளேயேதான் இருக்கும். நீலத்தைத் தேய்த்துவிட்டால் வண்டி என்ன சொல்கிறது என்பதே தெரியாமல் போகும்.

சூடு வருகிற வழிகளில் எல்லோருக்கும் தெரிந்தது லீன் மிக்ஸ்சர், அதாவது காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. ஃப்ரீயான சைலன்சர், ஃப்ரீயான ஃபில்டர், காற்று தாராளமாகப் போகிறது. பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளையான ஜெட் மட்டும் பழையது. பெட்ரோல் பற்றாமல் எரிவது மந்தமாகி, எரிந்து முடிவதற்குள் எக்ஸாஸ்ட் வால்வு திறந்துவிடுகிறது. மிச்சம் பைப்பில்தான் எரிகிறது. என் கார்புரேட்டரில் 90 எண் மெயின் ஜெட் இருந்தது; எண் கூடினால் துளை பெரிது. 95 போட்டு, போதாமல் 100க்குப் போனோம். ஏர் ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்றில் வைத்து, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே திருப்பினோம். இதில் உள்ளே திருப்பினால்தான் ரிச், அதாவது பெட்ரோல் விகிதம் கூடும். ஆக்சிலரேட்டரை முழுசாகப் பிடித்து ஓட்டி, அப்படியே கிளட்ச் பிடித்து சாவியை அணைத்துவிட்டு பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் வெள்ளையாக இருந்தது செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. ஹெட்டில் பைப் சொருகும் இடத்தில் காற்று இழுத்துக்கொண்டிருந்ததையும் அடைத்தாயிற்று. ஆக்சிலரேட்டரை விட்டால் கேட்கிற பட் பட் வெடிச்சத்தம் அதோடு நின்றது.

சிவப்பு மட்டும் நிற்கவில்லை.

இந்த இடத்தில்தான் பெரும்பாலான பட்டறைகள் இன்னும் பெரிய ஜெட்டைத் தேடுகின்றன. பழைய மெக்கானிக் ஒருவர் கார்புரேட்டர் பக்கமே வராமல் பாயிண்ட் மூடியைக் கழற்றினார். உள்ளே ஆட்டோ அட்வான்ஸ் வெயிட் இரண்டும் துருவேறி அசையாமல் நின்றன. இன்ஜின் வேகம் கூடும்போது இவை விரிந்து ஸ்பார்க்கை முன்கூட்டியே வரவைக்க வேண்டும். விரியாவிட்டால் எந்த வேகத்திலும் ஸ்பார்க் தாமதம்தான். "தம்பி, நெருப்பே லேட்டா பத்துது. இதுல எவ்வளவு பெட்ரோல் ஊத்தி என்ன?" என்றார். துரு நீக்கி, எண்ணெய் விட்டு, ஸ்பிரிங் மாற்றி, பாயிண்ட் இடைவெளியை 0.35 மில்லிமீட்டருக்கு மேல் வைத்தார். பிஸ்டன் உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் கீழே இருக்கும்போது பாயிண்ட் திறக்கிறதா என்று இடையில் சிகரெட் தாளைச் செருகி இழுத்துப் பார்த்தார். வால்வைத் திறக்கும் புஷ்ராடு விரலால் உருட்டினால் உருளுகிறதா என்றும் பார்த்துவிட்டு, காசு வாங்கத் தயங்கினார். அன்று ராத்திரி பைப் கறுப்பாகவே இருந்தது. ஏற்றத்தில் மூன்றாவது கியரிலேயே ஏறியது.

இத்தனைக்கும் பிறகு எனக்குத் தீராத எரிச்சல் ஒன்று இருக்கிறது. பாயிண்ட்டின் தேய்கிற முனை ஓட ஓடத் தேயும், இடைவெளி குறையும், குறைந்தால் டைமிங் தானாகப் பின்வாங்கும். அதாவது சரி செய்த அன்றே இது கெட ஆரம்பித்துவிடுகிறது. ஃபீலர் கேஜும் ஸ்க்ரூ டிரைவரும் டூல் பாக்ஸில் நிரந்தரம். எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டிக்கொள்ளலாமே என்பார்கள். மாட்டலாம். நடுவழியில் நின்றால் அதை நான் கல்லால் தட்டிச் சரிசெய்ய முடியாது.

போதாததற்கு ஈ20, அதாவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அது எரியக் காற்று குறைவாகப் போதும். பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று என்றால் எத்தனாலுக்கு 9 பங்குதான். இன்ஜெக்ஷன் வண்டி சென்சாரை வைத்துச் சரிக்கட்டிக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு இல்லை. அதே ஜெட், அதே காற்று, ஆனால் கலவை லீன். 2025இல் பெட்ரோல் பங்க்குகளில் 20 சதவீதக் கலப்பே வழக்கமானபோது, அடங்கியிருந்த நீலம் பைப்பில் ஒரு விரற்கடை முன்னேறியது. கார்புரேட்டர் நீடிலின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கி நீடிலை உயர்த்தினேன், பெட்ரோல் கூடியது, நீலம் நின்றது. இதே செட்டிங்கில் கொடைக்கானல் ஏறினால் மேலே காற்று மெலிந்து, ரிச்சாகிக் கறும்புகை விடுகிறது. சமவெளிக்கு வைத்த ஜெட் மலைக்கு ஒத்துவராது, அவ்வளவுதான்.

ஆக, நண்பருக்கு: வண்டி இப்போது அருமையாக ஓடுகிறது, பைப் சூடு கட்டுக்குள், இழுவை கம்பெனி செட்டப்பைவிட மேல். ஆனாலும் இந்த சைலன்சரை வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். நீங்கள்தான் வாங்கிவிட்டீர்களே, அப்படியானால் ஜெட்டுக்கு முன்னால் பாயிண்ட் மூடியைக் கழற்றுங்கள். சத்தத்துக்காகப் போலீஸ் நிறுத்தினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)இல் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

எனக்கு இந்த வருடம் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். பரணில் கிடக்கும் கம்பெனி சைலன்சரையும் ஃபில்டர் பாக்ஸையும் மாட்டி, ஜெட்டை இறக்கி, வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். 90 போதுமா, ஈ20க்கு 95 கேட்குமா என்று பிளக்கைப் பார்த்தால்தான் தெரியும். காட்டி முடித்த பிறகு ஷார்ட் பாட்டிலைத் திரும்ப மாட்டுவாயா என்று வீட்டில் கேட்டார்கள். மாட்டுவேன்.