ஷ்ராத்தா, சியாஸா? வளரும் பிள்ளையின் வளைந்த முதுகுக்கு எந்தப் பயிற்சி

சுடிதாருக்கு அளவெடுக்கும் தையல்காரர் "ஒரு தோள் ஏறியிருக்கேம்மா" என்று சொல்லித்தான் பல வீடுகளில் ஸ்கோலியோசிஸ், அதாவது முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவது, தெரிய வருகிறது. அப்புறம் எக்ஸ்ரே. வளைவின் அளவைச் சொல்லும் காப் கோணம் 20 டிகிரியோ 22 டிகிரியோ என்று ரிப்போர்ட் வரும், டாக்டர் "பிசியோ பண்ணுங்க, சில மாசம் கழிச்சு வாங்க" என்பார். எந்த பிசியோ என்பதுதான் கேள்வி. ஏனென்றால் சாதாரண முதுகுவலிக்குச் சொல்லித்தரும் பயிற்சி வேறு, வளைவுக்கென்றே உருவாக்கிய பயிற்சி வேறு. இரண்டாவது வகையில் ஏழெட்டு முறைகள் இருக்கின்றன. அதிகம் அடிபடும் பெயர்கள் ஜெர்மனியின் ஷ்ராத், இத்தாலியின் சியாஸ். இந்த இரண்டையும்தான் அலசப் போகிறேன்.

ஷ்ராத் முறையைக் கொண்டுவந்தவர் மருத்துவர் அல்ல, நோயாளி. 1894-இல் டிரெஸ்டனில் பிறந்த கத்தரினா ஷ்ராத்துக்கு முதுகு வளைந்திருந்தது, பதின்வயதில் இரும்புச் சட்டம் போட்டு வளர்ந்தார். நசுங்கிய பந்தைக் காற்றடித்துச் சரிசெய்வதுபோல் தன் விலாவின் குழிந்த பக்கத்தையும் மூச்சாலேயே உப்ப வைக்க முடியுமா என்று கண்ணாடி முன் நின்று முயன்று பார்த்தார். 1921-இல் மைசன் நகரில் சிகிச்சை நிலையம் தொடங்கினார். மகள் கிறிஸ்டா அந்த வேலையைத் தொடர்ந்தார்.

முறையின் உயிர் அந்த மூச்சில்தான் இருக்கிறது. வளைவு என்றால் இடவலமாக மட்டும் வளைவதில்லை, எலும்புகள் முறுக்கியும் கொள்கின்றன. பொதுவாக வளைவு மார்புப் பகுதியில் வலப்பக்கம் இருக்கும். பின்பக்கம் வலது விலா புடைக்கும், இடது விலா உள்வாங்கும். பிள்ளை இடுப்பைச் சரிசெய்து, முதுகை மேலே நீட்டி, தோளை அதன் இடத்துக்குக் கொண்டுவந்த பிறகு, அந்த உள்வாங்கிய இடத்துக்கு மட்டும் மூச்சை அனுப்ப வேண்டும். மல்லாந்து படுக்கும்போது புடைத்த பகுதிகளுக்கு அடியில் சின்ன அரிசிப் பை வைத்து முறுக்கை எதிர்த்திசையில் திருப்புவார்கள். என் அக்கா மகள் இதைச் செய்யும்போது அவளது இடது விலாவில் இரண்டு விரல் வைத்துப் பார்த்திருக்கிறேன். முதலில் விரலடியில் ஒன்றுமே நடக்காது, வயிறுதான் ஏறி இறங்கும். சில வாரம் கழித்து ஒருநாள் அந்தக் குழியே விரலைத் தள்ளுகிறது! மூச்சை விடும்போது அந்த நிலை கலையாமல் தசைகளை இறுக்கிப் பிடிப்பதுதான் உண்மையான உழைப்பு, பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டும்.

சியாஸ் இதற்கு நேர் எதிரான இடத்திலிருந்து தொடங்குகிறது. மிலானில் உள்ள இசிகோ நிலையம் வளர்த்தெடுத்த முறை இது. அரிசிப் பை, சுவர்க் கம்பி எதுவும் பிரதானம் இல்லை. தன் முதுகைத் தானே எப்படி நேராக்குவது என்பதைப் பிள்ளை கற்றுக்கொள்ள வேண்டும், அதுவும் வெளியிலிருந்து எதுவும் தாங்காமல். கற்றபின் அந்த நிலையில் நின்றபடி கையைத் தூக்கு, ஒற்றைக்காலில் நில், நட என்று சிரமத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். கை தூக்கும்போது திருத்தம் கலைந்தால் அந்தப் பயிற்சி இன்னும் அவளுக்கானது இல்லை, ஒரு படி இறங்கு, அவ்வளவுதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒன்றரை மணி நேரம் போல நிபுணரிடம் போனால் போதும், பெற்றோரும் கூடவே உட்கார்ந்து கற்பார்கள், மீதி எல்லாம் வீட்டில், நாளுக்குச் சுமார் 20 நிமிடம்.

ஷ்ராத்தில் கணக்கு வேறு. கனடாவின் எட்மண்டனில் 50 பிள்ளைகளை வைத்து ஆறு மாதம் நடந்த ஆய்வில், முதல் இரண்டு வாரத்தில் ஐந்து வகுப்புகள், பிறகு வாரம் ஒன்று, அதோடு தினமும் வீட்டில் 30 முதல் 45 நிமிடம். பலன் கிடைத்தது: முடிவில் ஷ்ராத் செய்தவர்களின் வளைவு, செய்யாதவர்களுடையதைவிடச் சராசரியாக 3.5 டிகிரி குறைவாக இருந்தது. துருக்கியில் 45 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வுதான் என்னை யோசிக்க வைத்தது. நிபுணர் முன்னிலையில் ஷ்ராத் செய்தவர்கள் முன்னேறினார்கள், வீட்டில் தாங்களாகச் செய்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. யூடியூப் பார்த்து ஷ்ராத் செய்யலாம் என்று நினைப்பவர்கள் இதைத் தயவுசெய்து மனதில் வையுங்கள். ஒருவரின் வளைவுக்குச் சரியான அசைவு இன்னொருவரின் வளைவை இழுத்துக் கெடுக்கக்கூடும்.

சியாஸ்போல் தன் முதுகைத் தானே திருத்தும் பயிற்சிக்கும் சான்று உண்டு. இத்தாலியில் 25 டிகிரிக்கு உட்பட்ட வளைவுள்ள 110 பிள்ளைகளிடம் எலும்பு வளர்ச்சி முடியும்வரை நடந்த ஆய்வில், இவ்வகைப் பயிற்சி செய்தவர்களுக்குச் சுமார் 5 டிகிரி குறைந்தது, சாதாரணப் பயிற்சி செய்தவர்களுக்குச் சற்றே கூடியது. கால அளவும் பிள்ளைகளும் வேறு என்பதால் இந்த 5-ஐயும் அந்த 3.5-ஐயும் பக்கத்தில் வைத்து யார் ஜெயித்தது என்று கேட்கக் கூடாது.

சரி, எதை எடுப்பது? பதினொரு பன்னிரண்டு வயது, ஓரிடத்தில் உட்காராத பிள்ளை, பள்ளி, டியூஷன், நல்ல பயிற்சியாளர் தூரத்து ஊரில் என்றால் நான் சியாஸ் பக்கம்தான் சாய்வேன். விலாப் புடைப்பு நன்றாகத் தெரிகிறது, பிள்ளைக்குத் தன் உடம்பை உற்றுக் கவனிக்கும் பொறுமை இருக்கிறது, வாரம் ஒருமுறை போய்வர முடியும் என்றால் ஷ்ராத். ஆனால் இரண்டையும்விடப் பெரிய கேள்வி, உங்களுக்கு எட்டும் தூரத்தில் முறையாகப் பயின்றவர் யார் என்பது. போர்டில் பெயர் இருந்தால் போதாது. எங்கே பயின்றீர்கள், என் பிள்ளையின் எக்ஸ்ரேயைப் பார்த்து எந்த வகை வளைவு என்று சொல்லுங்கள் என்று கேளுங்கள். கோபித்துக்கொள்பவரிடம் போக வேண்டாம்.

யோகாவும் நீச்சலும் உடம்புக்கு நல்லவை, விடச் சொல்லாதீர்கள். வளைவைத் திருத்தும் என்று நம்பி மட்டும் செய்ய வேண்டாம். புத்தகப் பையைத் திட்டுவதையும் நிறுத்தலாம், காரணம் அது இல்லை.

பிரேஸ், அதாவது உடம்பில் அணியும் திருத்தச் சட்டம், விஷயத்தில் நான் கறாராகவே சொல்வேன். வளரும் வயதில் வளைவு 25 டிகிரியைத் தாண்டி டாக்டர் பிரேஸ் என்றால், "பயிற்சியே போதும்" என்று தள்ளிப்போடாதீர்கள். 2013-இல் வெளியான அமெரிக்க, கனடா ஆய்வில் பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதம் பேருக்கு வளைவு 50 டிகிரியை எட்டவில்லை, போடாதவர்களில் அது 48 சதவீதம். நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம்போல அணிந்தவர்களுக்குப் பத்தில் ஒன்பது பேருக்குப் பலன். ஷ்ராத்தோ சியாஸோ அப்போது பிரேஸுக்குத் துணையாகச் சேரும், மாற்றாக ஆகாது. மூன்றே மாதத்தில் நிமிர்த்திக் காட்டுகிறோம் என்று விளம்பரம் செய்பவர்களால் பிள்ளைகள் இழப்பது பணத்தை மட்டுமல்ல, திரும்பி வராத அந்த வளர்ச்சிக் காலத்தையும்தான்.

கடைசியாக ஒன்று. காப் கோணத்தை அளப்பதிலேயே 5 டிகிரி வரை முன்பின் வரும். 21 இருந்தது 24 ஆனதும் அழுது பயிற்சியை மாற்றாதீர்கள், 24 இருந்தது 21 ஆனதும் நிறுத்திவிடாதீர்கள். முடிந்தவரை ஒரே சென்டரில் எடுத்து, ஒரே மருத்துவர் அளக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், பழைய எக்ஸ்ரேக்களையும் பத்திரமாக எடுத்துப் போங்கள்.